மச்சானுக்குக் கொடுத்த பாயிண்ட்

இளவரசுவைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் சிதம்பரம் போக வேண்டும். மேல வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ராஜமாணிக்கம் என்பவர் நடத்தும் சைவ மெஸ்ஸில் அவன்தான் சமையல். அவன் வைக்கும் கத்தரிக்காய் கொத்சுக்கென்றே வருகிறவர்கள் உண்டு. ஆனால் பகல் பன்னிரண்டரைக்குப் போய்க் கடைசி பெஞ்சில், சுவரோரமாக உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த இடத்தில் ஓர் இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருக்கும். ஆள் இருக்காது. கூட்டம் வாசல் வரைக்கும் நின்றாலும் அந்த இலையில் அவன் யாரையும் உட்கார விடமாட்டான். முதலாளி இரண்டு மூன்று தடவை சத்தம் போட்டுப் பார்த்தார். இந்தக் காலத்தில் நல்ல சமையல்காரன் கிடைப்பது கஷ்டம் என்று பிறகு விட்டுவிட்டார்.

என்னைக் கேட்டால் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்பேன். முதல் தடவை அந்த இலையைப் பார்த்தபோது அவன் மூஞ்சிக்கு நேராகவே சொன்னேன். என் பெயர் ஆரோக்கியராஜ். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் கடை வைத்திருக்கிறேன். படகுக்காரர்களுடைய ஜி.பி.எஸ்., ஒயர்லெஸ் எல்லாம் ரிப்பேருக்கு என்னிடம்தான் வரும். ஐ.டி.ஐ. படித்தவன். செட்டுக்குள்ளே யாரோ முனகுகிறார்கள் என்று எவனாவது கதை விட்டால், போய்யா, முதலில் பேட்டரியை மாற்று என்பேன். அப்படிப்பட்ட நானே இப்போது உச்சி வேளையில் அந்த மெஸ் பக்கம் போவதில்லை. யாரிடமாவது இதைக் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதனால்தான் சொல்கிறேன்.

இளவரசுவின் ஊர் நல்லாண்டிக்குப்பம், முதுநகருக்குத் தெற்கே கடலோரத்தில். அம்மா இல்லாமல் வளர்ந்தவன். அவனைவிட எட்டு வயது மூத்த அக்கா அமராவதிதான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு விரட்டி ஆளாக்கினாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "என் தம்பியும் எங்கூடத்தான் வருவான். சம்மதம்னா தட்ட மாத்துங்க, இல்லன்னா காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று சொன்னவள். மாப்பிள்ளையாக வந்திருந்த கதிரவன் சிரித்துக்கொண்டே, "வரட்டுமே, எனக்கும் வீட்ல சண்ட போட ஒரு மச்சான் வேணும்ல" என்றானாம். அன்றிலிருந்து இளவரசு அவர்கள் வீட்டுப் பிள்ளை. அவர்களுக்கென்று குழந்தை பிறக்கவில்லை.

கதிரவன் நல்ல கடலாளி. இளவரசுவுக்கோ ஃபைபர் படகில் ஏறி அலை தாண்டினாலே குடல் வாய்க்கு வந்துவிடும். கடற்கரையில் பிறந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று சொல்லத் தேவையில்லை. "மாப்ள, நீ பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காட்டுல பொறந்திருக்க வேண்டியவன்டா" என்று கதிரவனே கேலி செய்வான். ஆனால் அவன்தான் தன் கைக்காசைப் போட்டுப் பாண்டிச்சேரியில் சமையல் படிக்க வைத்தான். அந்தப் படிப்புதான் இளவரசுவை ரிக்கில் கொண்டுபோய் விட்டது.

ரிக் என்றால் கடலுக்குள் எண்ணெய் தோண்டுகிற மேடை. இரும்புக் கால்களைத் தரையில் ஊன்றி நிற்கும், ஆடாது, அசையாது. எங்கள் கரைக்குத் தெற்கே தள்ளி அப்படி ஒன்று வந்து சில மாதம் நின்றது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. சாப்பாடு போடுகிற கான்ட்ராக்டர் ஒருவர் மூலமாக இளவரசு அங்கே சமையல்காரனாகப் போனான். ஊரில் அப்போது கொந்தளிப்பு. ரிக்கைச் சுற்றி வலை போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நல்லாண்டிக்குப்பத்துப் பஞ்சாயத்தார் கூடி, எண்ணெய்க்காரர்களோடு எவனும் தனியாக எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ளக்கூடாது, அந்தப் பக்கம் படகும் போகக்கூடாது, மீறினால் ஊரைவிட்டுத் தள்ளி வைப்போம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். இளவரசு முன்னமே வேலையில் சேர்ந்துவிட்டவன் என்பதால் முணுமுணுப்போடு விட்டார்கள். லீவில் வந்தால் மட்டும், "இன்னாடா, எண்ணெய்ச் சோறு ருசியா இருக்குதா?" என்று கேட்பார்கள்.

ரிக்கில் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டி.வி. இருந்ததாம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரன், வயசானவன், ஏதோ ஒரு பழைய கலர்ப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவானாம். கடலில் எண்ணெய் தோண்ட வருகிறவர்களுக்கும் அந்தக் கரை மீனவர்களுக்கும் அடிதடி. கடைசியில் எண்ணெயும் கிடைக்கிறது, மீனும் கிடைக்கிறது, எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இங்கிலீஷ் அரைகுறையாகப் புரிந்தாலும் இளவரசு அந்தப் படத்தில் சொக்கிப்போனான். லீவில் வரும்போதெல்லாம் கடையில் உட்கார்ந்து எனக்குக் கதை சொல்வான். "படத்துல எல்லாம் அப்படித்தான்டா முடிப்பாங்க. படம் எடுத்தவன் ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குவான்" என்று நான் எரிந்து விழுவேன். "இல்ல ஆரோக்கியம், நெசமாவே மீனு இருக்குது. நான் கண்ணால பாக்குறேன்" என்பான்.

அவன் சொன்னது பொய்யில்லை. கடலுக்கடியில் எதையாவது நட்டுவைத்தால் அதைச் சுற்றி மீன் சேரும், இது எல்லாக் கடலாளிக்கும் தெரிந்த விஷயம். கம்பியோரம் நின்று கீழே பார்த்தால் சங்கரா, பாறை, களவா என்று மீன் கூட்டம் கூட்டமாகச் சுற்றுமாம். அவனுக்கு வயிற்றெரிச்சல். பக்கத்தில் வரக்கூட மச்சானுக்கு உரிமையில்லாத இடத்தில் இவ்வளவு மீன் சும்மா கிடக்கிறதே என்று.

தோண்டிய கிணற்றில் அவர்கள் நினைத்த அளவுக்கு எண்ணெய் இல்லை போலிருக்கிறது. அடைத்து மூடிவிட்டு, கடல் தரையில் குழாயின் இரும்பு முண்டு ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருக்க ரிக் கிளம்பியது. கிளம்புவதற்கு முதல் நாள் ஆபீஸ் அறைக்குத் தேநீர் கொண்டுபோன இளவரசு, சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்திலிருந்து அந்த இடத்தின் ஜி.பி.எஸ். நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். வேலைக்குச் சேரும்போதே, இங்கே பார்த்தது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தான். அவனுக்கு அது நினைவில்லாமல் இல்லை.

பாயிண்ட் என்றால் எங்கள் கரையில் என்ன மதிப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மீன் கிடைக்கிற இடத்தின் நம்பரை ஜி.பி.எஸ்ஸில் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். அதைக் கூடப்பிறந்தவனுக்கும் காட்டமாட்டார்கள். மகளுக்கு நகையோடு சேர்த்து, மருமகனுக்கு ஏழு பாயிண்ட் கொடுத்த மாமனாரை எனக்குத் தெரியும். ரிப்பேருக்கு செட்டைக் கொடுக்கும்போதுகூட நான் நம்பரைப் பார்த்துவிடுவேனோ என்று பக்கத்திலேயே நின்று முறைப்பார்கள். அப்படியொரு சொத்தைத்தான் இளவரசு அந்தப் பொங்கலுக்கு மச்சான் கையில் கொடுத்தான். "இத்தினி வருஷம் எனக்குச் சோறு போட்டீங்க மச்சான். எங்கிட்ட குடுக்குறதுக்கு வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக் கொடுத்தானாம். கதிரவனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். நம்பரை முழுசாக நான் இங்கே எழுதமாட்டேன், படிக்கிற எவனாவது கிளம்பிவிடுவான். கடைசி மூன்று எண் நானூற்றுப் பதினேழு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் விடியற்காலையில் கதிரவன் கிளம்பினான். வழக்கமாகக் கூடவரும் ஆண்டியிடம் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டான். இரண்டாம் ஆள் வந்தால் பாயிண்ட் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால், ரிக் போன பிறகும் எடுக்காமல் வைத்திருந்த கட்டுப்பாட்டை மீறியதும் தெரியும். படகைத் தள்ளிவிட இளவரசு மட்டும் போனான். கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று எங்கள் கரையில் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் சகுனம் கெட்டுவிடும். அதனால் பக்கத்துப் படகுக்காரர்களும் கேட்கவில்லை. கதிரவன் மட்டும் மோட்டாரை இழுப்பதற்கு முன்னால் கண்ணடித்து, "ஒன் எடத்துக்குத்தான்டா மாப்ள" என்றானாம்.

மத்தியானத்துக்கு மேல் வாடைக் காற்று திடீரென்று பலத்தது. மற்ற படகெல்லாம் சாயங்காலத்துக்குள் கரைக்கு வந்துவிட்டன. கதிரவன் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் நாற்பது படகு தேடப் போனது. அந்தக் கடற்கரையில் நானும் இருந்தேன், ஒயர்லெஸ்களைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டு. இளவரசுவும் கூட்டத்தில்தான் நின்றான். டீசல் கேன் தூக்கினான், படகு ஓட்டுகிறவர்களிடம் மாறி மாறிப் பேசினான். ஆண்டி அவன் தோளைப் பிடித்து, "ஒங்கிட்ட எதனா சொன்னாராடா, எந்தப் பக்கம் போறேன்னு?" என்று கேட்டார். "எனக்கு இன்னா தெரியும்? நானே கடலுக்குப் போவாத ஆளு" என்றான் இவன். என் காதாலேயே கேட்டேன். அமராவதி மணலில் உட்கார்ந்து தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகெல்லாம் கதிரவன் வழக்கமாகப் போகிற வடக்குப் பக்கம் போயின. அந்த இரும்பு முண்டு இருந்தது தெற்கே, பரங்கிப்பேட்டைக்கு நேர் கிழக்கே. இரண்டு நாள் முழுக்கத் தேடினார்கள், கடலோரக் காவல் படகும் வந்தது. ஒரு கயிறுகூடக் கிடைக்கவில்லை.

ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்று பிற்பாடு அவனைப் பார்த்தபோதெல்லாம் கேட்டிருக்கிறேன். முதல் நாள் பயமாம். கையெழுத்துப் போட்ட பேப்பரை வைத்து உள்ளே தள்ளிவிடுவார்கள், ஊரில் அக்கா குடும்பத்தையே தள்ளி வைத்துவிடுவார்கள் என்று. மச்சான் எப்படியும் வந்துவிடுவார், வீணாக எதற்கு என்று. இரண்டாம் நாள், இதை நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயமாம். மூன்றாம் நாள் சொல்லியும் பிரயோசனமில்லை என்று தோன்றிவிட்டதாம். ஒரு மனுஷன் இப்படித்தான் நாசமாகப் போகிறான், ஒவ்வொரு நாளாக.

அடுத்த மாதமே அவன் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டான். கடல் சத்தம் கேட்காத ஊர், மீன் வாசமில்லாத அடுப்பு என்று தேடி ராஜமாணிக்கம் மெஸ்ஸில் போய்ச் சேர்ந்தான். அக்காவுக்கு மாதம் தவறாமல் பணம் போய்விடும், இவன் போகமாட்டான். போனில் கூப்பிட்டால், அடுப்பில் வேலை என்று வைத்துவிடுவான்.

மகளைக் காலேஜில் விட்டுவரப் போன ஒரு நாள், நாலு வருஷம் முன்னால், தற்செயலாக அந்த மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். கடைசி பெஞ்சில் இடம் காலியாக இருக்கிறதே என்று உட்காரப் போனேன். சாம்பார் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். ஆளே பாதியாகிவிட்டிருந்தான்.

"அங்க ஒக்காராத ஆரோக்கியம். மச்சான் வருவாரு" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தினேன். கூட்டம் போனதும் கொல்லைப்புறம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். உச்சி வேளையில், கூட்டம் நெரிகிற நேரத்தில், கதிரவன் வந்து அந்த இடத்தில் உட்காருவானாம். சட்டை நனைந்து ஒட்டியிருக்குமாம். சாப்பிடமாட்டானாம். இவன் சோற்று வாளியோடு பக்கத்தில் போனால் தலையைத் தூக்கி, "பாயிண்ட் சரிதானே மாப்ள?" என்று மட்டும் கேட்பானாம். இவன் சரிதான் மச்சான் என்று சொல்வதற்குள் இடம் காலியாகிவிடுமாம்.

"நங்கூரம் போடாதீங்க, கீழ இரும்பு இருக்குது, மாட்டிக்கும், காத்து அடிச்சா படகு கவுந்துடும்னு நான் அவருகிட்ட சொன்னேனா, சொல்லலியா? அதான் ஆரோக்கியம் எனக்குத் தெரியல. சொன்ன மாதிரியும் இருக்குது, சொல்லாத மாதிரியும் இருக்குது. எத்தினி தடவ யோசிச்சாலும் அந்த எடத்துல வந்து நின்னுடுது."

நம்பரும் அவனை விடவில்லை. பஸ் டிக்கெட்டில், கேஸ் சிலிண்டர் மேலே, மெஸ்ஸுக்கு வந்த ஒருவரின் வண்டி நம்பரில் நானூற்றுப் பதினேழு தெரிந்துகொண்டே இருக்கும். உனக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்டா என்றேன். அக்காவிடம் போய்ச் சொல், காலில் விழு, எல்லாம் சரியாகிவிடும் என்றேன். மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான், யாரிடமும் நான் சொல்லக்கூடாது என்று. முட்டாள்தனமாக நானும் சத்தியம் செய்தேன்.

அந்தச் சத்தியத்தோடு அமராவதியின் முகத்தைப் பார்ப்பது எனக்குத் தண்டனை. அவள் முதுநகர் மீன் ஏலத்துக்கு வருவாள். நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் பூ. ஊரில் சில பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். சொந்தக்காரர்கள் காரியம் செய்துவிடலாம் என்று வருஷா வருஷம் சொல்லிப் பார்த்தார்கள். "செத்தத நீ பாத்தியா?" என்று ஒரே கேள்வியில் துரத்திவிடுவாள். பர்மாவில் எங்கள் பக்கத்துப் படகுக்காரர்கள் யாரோ கரையேறினார்கள் என்று செய்தி வந்தால் போதும், பேப்பரை எடுத்துக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்து, "படம் போட்டிருக்குதா பாரு ஆரோக்கியம்" என்பாள். நான் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, இல்லக்கா என்பேன். நான் மட்டும் என்ன யோக்கியன்?

போன மாதம் சிலம்பரசன் என்ற விசைப்படகு டிரைவர் கடைக்கு வந்தான். ஏதோ ஓர் இடத்தில் வலை மாட்டிக் கிழிந்துவிட்டது, மறுபடி அந்தப் பக்கம் போகாமல் இருக்க செட்டில் குறி வைத்துக் கொடு என்றான். நம்பரைச் சொன்னான். எழுதிக்கொண்டே வந்த என் கை, கடைசி மூன்று எண்ணில் நின்றுவிட்டது.

"வலையோட இது வந்துச்சிண்ணே. ஒங்களுக்குத்தான் எல்லாப் படகும் தெரியுமே" என்று சாக்கிலிருந்து ஒரு ஃபைபர் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். முழ நீளம் இருக்கும். நீலப் பெயின்ட். பாசி படிந்திருந்தாலும் மஞ்சள் எழுத்து தெரிந்தது. 'அமரா' என்று இருந்தது, மிச்சம் உடைந்துபோயிருந்தது. கதிரவன் தன் படகுக்குப் பெண்டாட்டி பெயரைத்தான் வைத்திருந்தான்.

கடையை அப்படியே இழுத்துச் சாத்திவிட்டு, துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். கொல்லைப்புறத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவன் முன்னால் அதைப் பிரித்து வைத்தேன். அவன் தொடவில்லை. கத்தியைக் கீழே வைத்தான். பிறகு, "அப்ப அங்கதான் இருக்காரு" என்றான்.

"கெளம்பு. இன்னிக்கே ஒங்கக்காகிட்ட சொல்ற."

"இத மட்டும் குடுத்துடலாம் ஆரோக்கியம். எங்கியோ வலையில கெடச்சிதுன்னு சொல்லிடலாம். எடத்தச் சொல்ல வேணாம். அக்காவுக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம். என்னியும் எடுத்துட்டா அதுக்கு யாரு இருக்கா?"

"அடப்பாவி, இன்னும் எத்தினி நாளைக்குடா அந்தப் பொம்பள பேப்பர்ல படம் தேடும்? நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். மாதா என்ன மன்னிச்சுக்கும், ஒன்ன மன்னிக்காது" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாயில் எது வரும் என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும், அக்கா இரண்டு அறை விடுவாள், அழுவாள், பிறகு கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று அவனுக்கு அடித்துச் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நாங்கள் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி வெயில். அமராவதி வீட்டு வாசலில் வலைவிரிப்பின்மேல் நெத்திலி காயப்போட்டுக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் குச்சியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"எத்தினி வருஷம் ஆச்சிடா ஒன் மூஞ்சியப் பாத்து! இன்னாடா இப்படி எளைச்சிப் போயிட்ட? ஊருக்கெல்லாம் சோறாக்கிப் போடுறவன் நீ துன்றதில்லியா? வா ஆரோக்கியம், உள்ள வா. இரு, மோரு கொண்டாறேன்."

மோர் கொண்டுவந்து வைத்தாள். நான் சாக்கைப் பிரித்தேன். எழுத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரலால் அந்த 'அ'வைத் தடவினாள்.

"எங்க கெடச்சிது?"

நான் இளவரசுவைப் பார்த்தேன். அவன் அக்காவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடியே சொன்னான், ரிக், உள்ளங்கையில் எழுதிய நம்பர், பொங்கலுக்குக் கொடுத்தது, மச்சான் கண்ணடித்துவிட்டுப் போனது எல்லாம். "நான்தான்க்கா அந்த எடத்தக் குடுத்தேன். நான்தான் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அமராவதி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"எனக்குத் தெரியும்டா தம்பி. அவரு அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. தம்பி ஆசையா குடுத்த எடம், ஊருக்குத் தெரிஞ்சா அவனத்தான் கொதறுவாங்க, நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காதன்னு சொன்னாரு. நான் தொறக்கல. நீ குடுத்தது தப்பா? நல்லதுக்குத்தானே குடுத்த. கடலுக்குப் போறவருக்கு எந்த எடமா இருந்தா இன்னா?"

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா என்று அவனைத் தட்டிக்கொடுக்கக் கையைக்கூடத் தூக்கிவிட்டேன். இளவரசு நிமிர்ந்து, நம்ப முடியாமல் அக்காவைப் பார்த்தான்.

"அப்பறம் ஏன்க்கா தேடுறப்ப நீ சொல்லல?" என்றான்.

"நான் எதுக்குச் சொல்லணும்? அதான் நீ இருந்தியே. படகுக்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசிக்கிட்டு இருந்தியே. நான் ஒன்னயேதானே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எடத்தக் குடுத்தவன் நீ, என் தம்பி, ரகசியமா யாருகிட்டயாச்சும் சொல்லி மொத வேலையா அங்கதான் அனுப்பியிருப்பன்னு இருந்தேன். அங்க போய்ப் பாத்துட்டாங்க, அங்க அவரு இல்ல. அதனால எங்கியோ தள்ளிக்கிட்டுப் போயிருக்காரு, எங்கியோ கர ஏறியிருக்காருன்னுதானே நான் இத்தினி வருஷமா..."

பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தம்பியின் முகத்தில் எதையோ பார்த்துவிட்டாள். பிடித்திருந்த கையை விட்டாள்.

"அனுப்பினல்ல?"

அவன் மறுபடியும் தரையைப் பார்த்தான்.

"ஆரோக்கியம், நீ சொல்லு. நாப்பது படகு போச்சே. ஒண்ணுகூட அங்க போவலியா?"

"இல்லக்கா" என்றேன்.

வாசலில் காக்கைகள் இறங்கி நெத்திலியைக் கொத்திக்கொண்டிருந்தன. அவள் ஓட்டவில்லை. தனக்குத்தானே பேசுகிறவளைப்போல மெதுவாகச் சொன்னாள்.

"நல்லா நீந்துவாரு. டீசல் கேனப் புடிச்சிக்கிட்டு ரெண்டு நாளு கெடப்பாரு. நம்பர் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்னு அவருக்குத் தெரியும். மாப்ள வருவான், மாப்ள சொல்லியிருப்பான்னு, கரையப் பாத்துக்கிட்டே கெடந்திருப்பாருடா."

அதற்குமேல் அவள் அவனிடம் பேசவில்லை, அன்றைக்கும் சரி, இன்று வரைக்கும் சரி. அவன் மெஸ்ஸுக்கே திரும்பிப் போய் இன்னும் அந்த இலையைப் போடுகிறான், அதில் உட்காருகிற கதிரவன் என்னையும் நிமிர்ந்து பார்த்துவிடுவானோ என்றுதான் உச்சி வேளையில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.